முனைவர் பட்டம், கல்லூரிப் பணி, மனநிறைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலை இறுதியாண்டு மாணவர்கள், ஆய்வில் இருப்பவர்கள், அண்மையில் கல்லூரிப் பணியில் சேர்ந்தவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வகுப்பு முடிந்ததும் தாழ்வாரத்தில் நின்று கேட்கிறார்கள். கருத்தரங்கு முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கேட்கிறார்கள். சிலர் இரவு நேரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, முதலில் வேறெதையோ பேசிவிட்டுக் கடைசியில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. பொறியியல், மருத்துவக் கல்வியில் விதிகள் வேறு.

முனைவர் பட்டம் முடித்தால் கல்லூரி வேலை கிடைத்துவிடும்தானே, ஐயா?

கிடைக்கலாம். கிடைத்தே தீரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு) தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்ச்சியும் (அல்லது விதிமுறைப்படி பெற்ற முனைவர் பட்டமும்) அடிப்படைத் தகுதி. பல்கலைக்கழகத் துறைகளுக்கு முனைவர் பட்டத்தைக் கட்டாயமாக்கும் திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2023 ஜூலையில் கைவிட்டது. பட்டம் உங்கள் விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும். ஆனால் காலியிடத்தை அது உருவாக்காது.

காலியிடங்களின் கதையைச் சொல்கிறேன். அரசுக் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு 2,331 உதவிப் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுப்பதாக ஆசிரியர் தேர்வு வாரியம் 2019-இல் அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் சான்றிதழ்களைத் திரட்டி விண்ணப்பித்தார்கள். அந்தத் தேர்வு நிறைவேறவே இல்லை. 2024-இல் 4,000 இடங்களுக்குப் புதிய அறிவிப்பு வந்தது. எழுத்துத் தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. அந்த இடைவெளியில் முப்பது வயதுக்காரர்கள் முப்பத்தைந்தைத் தொட்டார்கள். அவர்களுடைய உழைப்பிலோ அறிவிலோ எந்தக் குறையும் இல்லை.

எனவே ஒன்றைத் தொடக்கத்திலேயே பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டம் வேறு, பணி வேறு, அறிவுத்தேடல் வேறு. பட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது. பணி அரசின் நிதிநிலை, இனச்சுழற்சி, நீதிமன்ற வழக்கு ஆகியவற்றைப் பொறுத்தது. தேடல் மட்டுமே முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேற்பட்டவை இம்மூன்றையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் எழும் துன்பங்கள்.

முதலில் நெட் எழுத வேண்டுமா, ஆய்வில் சேர்ந்துவிட வேண்டுமா?

முதலில் நெட் எழுதுங்கள். முதுகலை இரண்டாம் ஆண்டிலேயே எழுதலாம். பாடம் நினைவில் பசுமையாக இருக்கும் காலம் அது. முதல் தாளில் 50 வினாக்கள், இரண்டாம் தாளில் 100 வினாக்கள், மொத்தம் 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. அறிவியல் பாடங்களுக்குச் சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேர்வு தனியாக இருக்கிறது. அதன் அமைப்பு வேறு.

நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) தகுதியோடு தேறினால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் நிதியுதவி கிடைக்கும். பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டு தளர்வு உண்டு. பணம் சில நேரம் மாதக்கணக்கில் தாமதமாகும் என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணைக் கொண்டே முனைவர் பட்ட ஆய்வில் சேரும் வழியும் திறந்திருக்கிறது.

நிதியுதவி கிடைத்தால் அந்த ஐந்தாண்டு படிப்பதற்கு உரியதாகிறது. கிடைக்காவிட்டால் ஒரு கையில் ஆய்வேடு, மறுகையில் மூன்று வேலை என்று ஓட வேண்டியிருக்கும். ஆய்வின் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டை அதிகம் சொல்வதில்லை. எனக்கு இதுவே முதன்மையாகத் தோன்றுகிறது.

எத்தனை ஆண்டு ஆகும்?

யூஜிசியின் 2022 முனைவர் பட்ட விதிமுறைப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு. நான்கரை ஆண்டிலிருந்து ஐந்தரை ஆண்டு வரை ஆகும் என்று வைத்துக்கொண்டு வீட்டில் சொல்லுங்கள்.

சம்பளம் எப்படி இருக்கும்? குடும்பம் நடத்த முடியுமா?

அரசுக் கல்லூரியிலோ நிதியுதவி பெறும் கல்லூரியிலோ நிரந்தரப் பணி கிடைத்தால் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய், படிகள் தனி. நடுத்தரக் குடும்பத்துக்குக் கண்ணியமான ஊதியம் அது. அதே கல்லூரியில், அதே பாடத்தை, அதே மாணவர்களுக்கு நடத்தும் கௌரவ விரிவுரையாளருக்கு 25,000 ரூபாய் தொகுப்பூதியம், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான். சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் அதற்கும் குறைவு.

இந்த இடைவெளியை அறிந்துகொண்டே வாருங்கள். அறிவுக்கு முன்னால் பணம் பெரிதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மாதம் பிறந்தால் ஊதியம் உறுதியாக வருபவர்கள். வாடகை, அப்பாவின் மருத்துவச் செலவு, தங்கையின் படிப்பு ஆகியவற்றுக்கு நடுவே இருப்பவருக்குப் பணம் மனநிறைவின் ஒரு பகுதி. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

பெயர் பெற்ற நெறியாளரிடம் சேரலாமா, அன்பாக இருப்பவரிடம் சேரலாமா?

இந்த இரண்டையும் விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள்: அவரிடம் சேர்ந்தவர்கள் முடித்து வெளியேறியிருக்கிறார்களா? சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இருக்கின்றன. நெறியாளரின் பெயரைத் தேடி, அவருடைய மாணவர்களின் ஆய்வேடுகளில் இரண்டையாவது படியுங்கள். எல்லா ஆய்வேடுகளும் ஒரே வார்ப்பில் இருக்கின்றனவா, ஒவ்வொருவருக்கும் தனிக் குரல் இருக்கிறதா என்பது ஒரு மாலைப் பொழுதில் தெரிந்துவிடும்.

அடுத்து, அவரிடம் இப்போது ஆய்வு செய்பவர்களிடம் பேசுங்கள். துறையில் வைத்துப் பேசாமல், வெளியே தேநீர்க் கடையில் பேசுங்கள். எழுதிக் கொடுத்த இயலை எத்தனை வாரத்தில் படித்துத் திருப்பித் தருகிறார், கருத்து வேறுபட்டால் எப்படி நடந்துகொள்கிறார், வீட்டு வேலை சொல்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமே விடை.

விதிகளையும் பாருங்கள். ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் நெறியாளராக இருக்க முடியும். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்க முடியாது. இளம் உதவிப் பேராசிரியர் ஒருவர் தானும் கற்றுக்கொண்டே உங்களோடு உழைப்பார் என்றால், பெயர் பெற்றவரின் எட்டாவது மாணவராக இருப்பதைவிட அதுவே மேல் என்பேன்.

தலைப்பை நெறியாளரே கொடுத்துவிட்டார். எனக்கு அதில் ஈடுபாடே வரவில்லை. நான் தவறான இடத்துக்கு வந்துவிட்டேனா?

ஓராண்டு வரை இந்த ஐயத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ஈடுபாடு முதலில் வர வேண்டும், வேலை பிறகு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆய்வுலகில் பல நேரம் வேலைதான் முதலில்.

உ.வே. சாமிநாதையரை எடுத்துக்கொள்ளுங்கள். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதியும் கலம்பகமும் பிள்ளைத்தமிழும் தலபுராணமும் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டிருந்தார். அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அந்தப் பட்டியலைக் கேட்டு வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. அந்தக் கேள்வி ஐயருடையதே அல்ல, வேறொருவர் அவர்முன் வைத்தது. சைவச் சூழலில் வளர்ந்தவர் சமணக் காப்பியத்தைப் புரிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டறிந்தார். ஏடு ஏடாக ஒப்பிட்டார். 1887-இல் நூல் அச்சாகி வந்தபோது அது அவருடைய வாழ்க்கையாகவே ஆகிவிட்டிருந்தது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அதன் பின்னால் வந்தன.

கொடுக்கப்பட்ட தலைப்புக்குள்ளேயே நீங்கள் கேட்க விரும்பும் ஒரு சிறு கேள்வியைத் தேடுங்கள். ஓர் இயலையாவது அந்தக் கேள்விக்காக ஒதுக்குங்கள். ஓராண்டு உண்மையாக உழைத்த பிறகும் அப்படி ஒரு கேள்வி அகப்படவில்லை என்றால், ஆய்வு ஆலோசனைக் குழு முன்னிலையில் தலைப்பு மாற்றத்தைக் கேட்கலாம். மூன்றாம் ஆண்டில் கேட்பதைவிட இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் கேட்பது எளிது.

இரண்டு ஆண்டு ஆகிறது. காலையில் எழுந்தால் எதற்காக இதைச் செய்கிறேன் என்றே தெரியவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பெரும்பாலும் முனைவர் பட்ட ஆய்வாளர்களான அவர்களில் 41 விழுக்காட்டினரிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான பதற்றமும் 39 விழுக்காட்டினரிடம் அதே அளவு மனச்சோர்வும் காணப்பட்டன. பொது மக்களைப்போல் ஆறு மடங்குக்கும் மேல் அது. அதற்கு முந்திய ஆண்டு பெல்ஜியத்தில் வந்த ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. நம் ஊர் ஆய்வாளர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதே அரிது என்பதால் ஒவ்வொருவரும் தன் அறையில் தான் மட்டும் தோற்றுக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள்.

காரணம் வேலையின் இயல்பிலேயே இருக்கிறது. பள்ளியிலிருந்து முதுகலை வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேர்வு, மதிப்பெண், பாராட்டு என்று பழகிய மனம் அது. ஆய்வில் இரண்டு ஆண்டு யாரும் எதுவும் சொல்வதில்லை. தரவு திரட்டி முடித்து, எழுதத் தொடங்காமல் இருக்கும் அந்த நடுக்காலம்தான் மிகக் கடினம். அதைத் தாண்டியவர்களிடம் நான் பார்த்த பொதுவான பழக்கங்கள் எளியவை. நாள்தோறும் ஒரு பக்கமாவது எழுதுகிறார்கள். வாரம் ஒருமுறை சக ஆய்வாளரோடு எழுதியதைப் பரிமாறிக்கொள்கிறார்கள். ஆய்வுக்குத் தொடர்பில்லாத ஒன்றை, கைப்பந்தாட்டமோ பாட்டோ சமையலோ, விடாமல் வைத்திருக்கிறார்கள்.

சோர்வு வேறு, நோய் வேறு. தூக்கம் கெட்டு, சாப்பாடு வெறுத்து, பல வாரமாக எதிலும் பிடிப்பற்று இருந்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை வந்தாலோ, உடனே உதவி கேளுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. ஆய்வேட்டைத் தள்ளிவைக்கலாம், விதியே அதற்கு இடம் தருகிறது.

என்னோடு படித்தவர்கள் எல்லாம் வீடு கட்டிவிட்டார்கள். ஊருக்குப் போனால் "இன்னும் படிக்கிறாயா?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

கேட்பவர்களில் பெரும்பாலோர் அக்கறையால்தான் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பில் தொடங்கி முதுகலைவரை படிப்பு என்றால் ஆண்டுக்கு ஒரு படி என்று அறிந்தவர்களுக்கு, ஐந்து ஆண்டாக ஒரே படிப்பு என்பது விளங்கவில்லை. என்ன ஆய்வு செய்கிறீர்கள் என்பதை உங்கள் அம்மாவுக்குப் புரியும்படி ஐந்து நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் ஒருநாள் நூலகத்துக்கோ களப்பணிக்கோ கூட்டிச் செல்லுங்கள். மகள் கல்வெட்டுப் படியெடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்த தந்தை அதன்பிறகு ஊரில் அவளுக்காகத் தானே பதில் சொன்னதை நான் அறிவேன்.

வீடு கட்டியவர்களைப் பற்றி: அவர்கள் கட்டியதும் உண்மை, உங்களிடம் இல்லாததும் உண்மை. இழப்பு இல்லை என்று நடிக்க வேண்டாம். இந்த இழப்புக்கு ஈடாக எதைப் பெறுகிறேன் என்பதற்கு உங்களிடம் தெளிவான விடை இருக்கிறதா என்று மட்டும் ஆண்டுக்கொருமுறை பாருங்கள். "பட்டம் வந்ததும் எல்லாம் சரியாகும்" என்பது விடை ஆகாது. காரணத்தை முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

திருமணம் ஆகிவிட்டது, குழந்தை இருக்கிறது. பகுதிநேரமாகச் செய்யலாமா? வீட்டில் "இப்போது இது அவசியமா?" என்கிறார்கள்.

பகுதிநேர ஆய்வுக்கு விதி இடம் தருகிறது. வேலையில் இருந்தால் நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை உண்டு. மேலே மூன்றாவது கேள்வியில் சொன்ன கூடுதல் ஆண்டுகளும் உண்டு. இவை சலுகை அல்ல, உரிமை; அலுவலகத்தில் கேட்கும்போது குரலைத் தாழ்த்த வேண்டாம்.

வீட்டைப் பொறுத்தவரை எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. "அவசியமா" என்ற கேள்வி ஆண் ஆய்வாளர்களிடம் கேட்கப்படுவதில்லை. வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு அரைநாள் உங்களுடையது, அப்போது குழந்தை கணவரின் பொறுப்பு என்று முடிவு செய்துகொண்டு, அதை உறவினர் வருகைக்காகக்கூட மாற்றாமல் வைத்திருந்தவர்கள் முடித்திருக்கிறார்கள். வேலையெல்லாம் ஓய்ந்த பின் படிக்கலாம் என்று காத்திருந்தவர்களுக்கு வேலை ஓய்ந்ததே இல்லை.

எத்தனை கட்டுரை வெளியிட வேண்டும்? பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிறார்களே, அதில் போடலாமா?

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறை நீக்கிவிட்டது. ஆனாலும் பல்கலைக்கழகங்கள் தம் அளவில் விதி வைத்திருக்கலாம். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியைப் படித்துவிடுங்கள். ஏற்கத்தக்க இதழ்களுக்கென்று இருந்த யூஜிசி கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. இனி இதழின் தரத்தை நீங்களும் உங்கள் துறையும்தான் கண்டறிய வேண்டும்.

பணத்துக்குப் போடும் இதழ்களில் வேண்டாம். பின்னால் தேர்வுக் குழுவில் யாராவது கேள்வி கேட்பார்கள் என்பது சிறிய காரணம். யாரும் படிக்காமலே அச்சேறிய ஒன்றில் உங்கள் பெயரைப் பார்க்கும்போது, அடுத்த கட்டுரைக்கு உழைக்கும் மனம் போய்விடும் என்பதே பெரிய காரணம். ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளை 1964-இல் முன்கணித்த இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் அதன் பின்னர் வெளியிட்ட கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. 2013-இல் நோபல் பரிசு பெறச் சென்றபோது, இன்றைய கல்வித்துறையில் தனக்கு வேலையே கிடைத்திருக்காது என்ற பொருளில் அவர் சொன்னார். எண்ணிக்கையை வைத்து அளக்கும் முறை மாறும்வரை அதற்குத் தேவையான அளவு எழுதுங்கள். அதில் ஒன்றாவது நீங்களே பத்தாண்டு கழித்துத் திறந்து படிக்க விரும்பும் கட்டுரையாக இருக்கட்டும்.

கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் என் ஆய்வைக் குப்பை என்று சொல்லிவிட்டார். மறுபடி மேடை ஏறவே கூச்சமாக இருக்கிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக் கேம்பிரிட்ஜ் சென்ற சு. சந்திரசேகருக்கு 24 வயதில் நடந்ததைச் சொல்கிறேன். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில், வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்ற தன் முடிவை அவர் வாசித்தார். அடுத்துப் பேச எழுந்த ஆர்தர் எடிங்டன், அன்றைய வானியலின் மிகப்பெரிய பெயர், அதை நகைப்புக்குள்ளாக்கினார். முந்தைய மாதங்களில் சந்திரசேகரோடு அடிக்கடி இதைப் பற்றிப் பேசி வந்தவர்தான் அவர். அவையில் இருந்தவர்கள் எடிங்டன் பக்கமே நின்றார்கள்.

சந்திரசேகர் அந்தத் துறையில் தன் கருத்துகளை 1939-இல் நூலாக எழுதிவிட்டு வேறு துறைக்குப் போனார். பிறகு வாழ்நாள் முழுவதும் அதையே வழக்கமாக்கிக்கொண்டார்: ஒரு துறையில் பல ஆண்டு மூழ்குவார், முழுமையான நூல் எழுதுவார், அடுத்ததற்குப் போவார். எடிங்டனோடு நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. நோபல் பரிசு 1983-இல் வந்தது. பரிசைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1939. அவமானம் அவரை வேலையிலிருந்து துரத்தவில்லை. எங்கே வேலை செய்வது என்பதை மட்டுமே மாற்றியது.

உங்களைத் திட்டியவர் சொன்னதில் உண்மையான குறை ஏதும் இருந்ததா என்று இரண்டு வாரம் கழித்து, நம்பிக்கைக்குரிய ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். இருந்தால் திருத்துங்கள். இல்லாவிட்டால் அதே கட்டுரையை வேறோர் அவையில் வாசியுங்கள்.

நெறியாளர் வீட்டு வேலை சொல்கிறார், வாய்மொழித் தேர்வுக்குப் பணம் எதிர்பார்க்கிறார். பொறுத்துப்போவதா?

நெறியாளர் விருப்பம்போல் கேட்கும் பணத்துக்கு எந்த விதியும் இடம் தரவில்லை. தனியாக எதிர்க்க வேண்டாம். தேதி, நேரம், செய்தி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஒரே நெறியாளரின் மற்ற மாணவர்களோடு சேர்ந்து பேசுங்கள். நெறியாளர் மாற்றம் ஆய்வு ஆலோசனைக் குழு வழியாகவும் பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவு வழியாகவும் நடக்கக்கூடியதே.

பாலியல் தொந்தரவு என்றால் பொறுத்துப்போகும் பேச்சே கிடையாது. 2013 சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மாணவியரும் அங்கே புகார் தரலாம். நிகழ்ந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தருவது வழக்கம். தக்க காரணம் இருந்தால் காலத்தை நீட்டிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. பட்டம் போய்விடுமோ என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனாலும் பட்டத்தை மீட்க இன்னொரு வழி கண்டுபிடிக்கலாம்.

நிரந்தரப் பணி கிடைத்துவிட்டது. கனவு நிறைவேறியும் மகிழ்ச்சி இல்லையே, ஏன்?

இதைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். கிடைக்காதவர்கள் காதில் விழுந்தால் குற்றமாகுமோ என்ற தயக்கம். கேட்கலாம், குற்றமில்லை.

ஆண்டுக்கணக்கில் எல்லா மகிழ்ச்சியையும் பணி ஆணை வரும் நாளுக்கென்று ஒத்திவைத்திருந்தீர்கள். அந்த நாள் வந்தது, போனது. இப்போது உதவிப் பேராசிரியருக்கு விதித்த வாரம் 16 மணி நேர வகுப்புகள், அதன்மேல் கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான கோப்புகள், மாணவர் சேர்க்கை, விடைத்தாள், நாட்டு நலப்பணித் திட்டம். தேடலுக்கு நேரமே இல்லை. பணி கிடைத்தால் தேடல் தானாக வந்துவிடும் என்று எண்ணியிருந்தோம், வரவில்லை.

அதைத் திரும்பப் பிடிக்க வேண்டும். வாரத்தில் ஒரு காலைப்பொழுதை, கல்லூரி தொடங்கும் முன்னாவது, படிக்க மட்டும் ஒதுக்குங்கள். ஆண்டுதோறும் ஒரு பாடத்தையாவது பழைய குறிப்பைத் தொடாமல் புதிதாகத் தயாரியுங்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு மாணவர் கடைசி வரிசையில் இருப்பார்; அவருக்கு நூலகத்தில் நூல் தேடக் கற்றுக்கொடுங்கள். இந்த மூன்றையும் பதவி உயர்வுப் புள்ளிகளில் யாரும் சேர்க்க மாட்டார்கள். முப்பது ஆண்டு கற்பித்து ஓய்வு பெற்றவர்களிடம் எது நிறைவளித்தது என்று கேட்டபோதெல்லாம், புள்ளிகள் பெற்றுத் தந்த எதையும் அவர்கள் குறிப்பிட்டதில்லை.

ஆய்வை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் படித்த படிப்புக்குத் துரோகம் இல்லையா?

இல்லை. சி.வி. இராமன் 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பவ்பஜார் தெருவில் இருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் பத்தாண்டு ஆய்வு செய்தார். 1917-இல்தான் அதைவிடக் குறைந்த ஊதியத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். ச. வையாபுரிப் பிள்ளை திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வழக்கறிஞராக இருந்துவிட்டு, 1926-இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரானார். பணிக்கும் தேடலுக்கும் வெவ்வேறு முகவரி இருக்கலாம் என்பதற்கு இவர்களே போதும். இவர்கள் பேராற்றல் படைத்தவர்கள், எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை.

பதிப்பகம், மொழிபெயர்ப்பு, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், தரவுப் பகுப்பாய்வு, பள்ளி ஆசிரியர் பணி, அரசுத் தேர்வுகள் என்று போனவர்களை அறிவேன். அரசுத் தேர்வுகளுக்கு வயது வரம்பு உண்டு. முடிவெடுப்பதைத் தள்ளிப்போடும்போது அதை நினைவில் வையுங்கள். தேடலை விட மனமில்லை என்றால், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் உங்கள் பதவி என்ன என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு 43 வயது. பதினான்கு ஆண்டாகக் கௌரவ விரிவுரையாளர். இனிமேல் நிரந்தரம் ஆவேனா தெரியவில்லை. என் வாழ்க்கை வீணாகிவிட்டதா?

இந்தக் கேள்விக்கு விரைவாக ஆறுதல் சொல்வது உங்களை மதிக்காததற்குச் சமம். உங்களுக்கு நடந்தது அநீதி. யூஜிசி 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கௌரவ ஆசிரியருக்கு வகுப்பு ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்கிறது. நீங்கள் பெறுவது அதில் பாதி. வேலையில் நிறைவு இருக்கிறது என்பதற்காகக் குறைந்த ஊதியத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சங்கத்தில் சேருங்கள், கோரிக்கையில் கையெழுத்திடுங்கள், வழக்கில் பங்கு கொள்ளுங்கள்.

உங்கள் பதினான்கு ஆண்டு வகுப்பறையில் செலவாகியிருக்கிறது. உங்களிடம் படித்தவர்களில் சிலர் இன்று ஆசிரியர்கள், சிலர் அலுவலர்கள், சிலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள். வருகைப் பதிவேட்டில் இருந்த உங்கள் பதவிப் பெயர் அவர்களுக்கு நினைவில்லை, பாடம் நினைவிருக்கிறது. வீண் என்ற சொல்லை அங்கே பொருத்த என்னால் இயலாது. ஊதியத்தைப் பொறுத்தவரை ஏமாற்றப்பட்டீர்கள் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே வாழ்க்கையில் இருக்க முடியும்.

இனி செய்யக்கூடியது: ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அடுத்த எழுத்துத் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள், வயது வரம்பு மற்ற அரசுத் தேர்வுகளைப்போல் நெருக்கடியானது அல்ல. பணி அனுபவச் சான்றுகளை ஆண்டுவாரியாக முதல்வரின் கையெழுத்துடன் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல்வர்கள் மாறியபின் பழைய ஆண்டுகளுக்கான சான்றைப் பெறுவது கடினம். எந்த ஆண்டுவரை முயல்வது என்பதை வீட்டாரோடு பேசி எழுதி வையுங்கள். அதுவரையில் இரண்டாம் வருமானத்துக்கான ஒரு வழியையும் இந்த ஆண்டிலேயே தொடங்குங்கள்.